மழைத்துளி ஏன் மண்டையை உடைப்பதில்லை?

இரண்டு கிலோமீட்டர் உயரத்து மேகத்திலிருந்து விழும் மழைத்துளி, தரைக்கு வரும்போது மணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர் வேகத்தை எட்டியிருக்க வேண்டும். காற்று என்று ஒன்று இல்லாவிட்டால் கணக்கு அப்படித்தான் வரும். குடை பிடித்தும் பயனிருக்காது!

கிளம்பும்போது புவியீர்ப்பு விசை துளியைக் கீழே இழுக்கிறது. எதிர்த்து நிற்க ஆளில்லை. இது சமன் செய்யப்படாத விசை. அதனால் வேகம் கூடுகிறது. வேகம் கூடக்கூட, மேல்நோக்கித் தள்ளும் காற்றின் தடையும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் இரண்டும் சரிக்குச் சரி. விசைகள் சமனாகிவிட்டன. அப்படியானால் துளி அந்தரத்தில் நின்றுவிடுமா? பரீட்சையில் மதிப்பெண் போவது இங்கேதான். நிற்காது. எட்டிய வேகத்திலேயே, கூடாமல் குறையாமல் இறங்கிக்கொண்டிருக்கும். விசைகள் சமனாக இருக்கும்வரை இயக்கம் மாறாது. 1687-இல் நியூட்டன் வெளியிட்ட முதல் விதி சொல்வது இதைத்தான்.

5 மில்லிமீட்டர் அளவுள்ள பெரிய துளி தரையைத் தொடும் வேகம், மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டர். அரை மில்லிமீட்டர் தூறல் துளிக்குச் சுமார் 7 கிலோமீட்டர். விறுவிறுவென்று நடப்பவரின் வேகம், அவ்வளவுதான்.