கியர்ப்பெட்டி வழுக்கும்போது

பழைய வான் ஒன்று கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறுகின்றது. சாரதி மிதியை அழுத்துகிறார். இயந்திரம் முழங்குகின்றது, வண்டியோ வேகங் கொள்ளவில்லை. தானியங்கிக் கியர்ப்பெட்டி வழுக்குகின்றது என்பதற்கு இதுவே அடையாளம். வாடகைக்கு ஓடிக் குடும்பத்தைக் காக்கும் வண்டியாயின் உரிமையாளரின் கவலையைச் சொல்ல வேண்டுவதில்லை. பெட்டி முழுவதையும் கழற்றிச் செப்பனிடுதல் பெருஞ்செலவு. எனவே, செலவுக்கு முன்னர்ச் சோதனை செய்தல் நன்று.

இப்பெட்டியிலுள்ள எண்ணெயை வெறும் மசகு என்று நேயர்கள் எண்ணக்கூடும். அது அவ்வளவில் நிற்பதன்று. பம்பி ஒன்று எண்ணெயை அமுக்கத்துடன் செலுத்த, அவ்வமுக்கம் உராய்வுத் தட்டுக்களை ஒன்றோடொன்று இறுக்குகின்றது. அவற்றின் வழியாகவே இயந்திரத்தின் வலு சக்கரங்களைச் சென்றடைகின்றது. கயிற்றைப் பற்றிய கை தளர்ந்தாற் கயிறு நழுவுவது போல, அமுக்கம் குறைந்தால் தட்டுக்கள் நழுவும், நழுவினாற் சூடேறும், சூடேறினால் தேயும்.

ஆகவே, முதலிற் பார்க்க வேண்டியது எண்ணெயின் அளவு. பழைய வான்கள் பலவற்றில், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இயந்திரம் சூடேறி மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுகோலை இழுத்துப் பார்த்தல் வேண்டும். சிலவற்றில் இயந்திரத்தை நிறுத்திய பின்னரே பார்ப்பது முறை; வண்டியின் கைந்நூல் இதனைக் கூறும். அளவு குறைந்திருந்தால் எங்கேனும் கசிவு உண்டா என்று தேடுக. கசிவை அடைத்து, கைந்நூலில் விதித்த எண்ணெயையே ஊற்றுக. அளவு மிகுதலும் தீது. எண்ணெய் நுரைத்து அமுக்கத்தைக் கெடுக்கும்.

அடுத்தது நிறமும் மணமும். இவ்வான்களில் நல்ல எண்ணெய் பெரும்பாலும் தெளிந்த செந்நிறமாயிருக்கும். பால் கலந்தாற்போலத் தோன்றினால் ரேடியேட்டர் நீர் உட்புகுந்திருக்கலாம். அந்நிலையில் வண்டியை ஓட்டலாகாது. எண்ணெய் கறுத்துத் தீய்ந்த மணம் வீசினால் தட்டுக்கள் கருகியிருத்தல் கூடும். தேய்ந்த தட்டைப் புதிய எண்ணெய் மீட்டுத் தராது.

எல்லாக் கியர்களிலும் வழுக்கினால் எண்ணெய்க் குறைவு, அடைபட்ட வடிகட்டி, வலுவிழந்த பம்பி ஆகியவற்றை ஐயுறலாம். ஒரு கியரில் மட்டும் வழுக்கினால் அதற்குரிய தட்டையோ பட்டியையோ ஐயுறுதல் பொருந்தும். சில பழைய பெட்டிகளில் மிதியோடு தொடர்புடைய கம்பிவடம் ஒன்று அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும். அது தளர்ந்தாலும் பெட்டி வழுக்கும். அதனைச் சரிசெய்தல் சிறிய வேலையே.

இவற்றைக் குறித்துக்கொண்டு கராச்சுக்குச் செல்பவர், தாம் எதற்குப் பணங் கொடுக்கிறார் என்பதை அறிந்து கொடுப்பார். வழுக்கும் வண்டியிற் பாரமேற்றி ஓட்டுதல் மட்டும் ஆகாது. இன்று சில லீற்றர் எண்ணெயோடு தீரக்கூடிய குறை, நாளை பெட்டி முழுவதையும் பாழாக்கிவிடும்.