வீட்டு வேலை விசா: பணம் கட்டும் முன் ஒரு நிமிடம்



ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் எத்தனை கம்பெனி வந்தாலும், வயது நாற்பதை நெருங்கிய, பத்தாவது முடிக்காத ஒரு சகோதரிக்கு அங்கே வேலை கிடைப்பது கடினம். கடன் நெருக்கும் நேரத்தில் "வளைகுடாவில் வீட்டு வேலை, உடனே விசா" என்று ஏஜெண்ட் சொன்னால் மனம் அதன் பக்கம் சாயும். அந்த விசா எப்படிப்பட்டது என்பதைக் குடும்பமே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறோம்.

குவைத்தில் கம்பெனி வேலைக்கு 18ஆம் எண் விசா. வீட்டு வேலைக்கு 20ஆம் எண். இரண்டும் ஒன்றல்ல. வீட்டு வேலை விசா கஃபீல் எனப்படும் முதலாளியோடு பிணைந்தது. கொடுமை தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறினால், "ஓடிவிட்டார்" என்று அவர் புகார் கொடுக்கலாம். அதன்பின் அங்கே தங்கும் உரிமையே போய்விடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. குவைத்தின் 2015ஆம் ஆண்டு 68ஆம் எண் சட்டப்படி நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு. கத்தாரில் 2021 மார்ச் முதல் வீட்டுப் பணியாளருக்கும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரியால். ஆனால் அதே மாதம் சவூதியில் வந்த வேலை மாற்றச் சலுகை வீட்டுப் பணியாளர்களுக்குக் கிடைக்கவில்லை. அதோடு, பூட்டிய வீட்டுக்குள் சட்டம் நடக்கிறதா என்று பார்ப்பவர் யார்?

அதனால்தான் நம் அரசு, இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண்கள் இந்த வேலைக்குப் போக 30 வயது ஆகியிருக்க வேண்டும், அரசு நிறுவனங்கள் வழியாகவே போக வேண்டும் என்று விதித்தது. தமிழ்நாட்டில் அது சென்னையிலுள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். இந்தக் கட்டுப்பாடு பெண்களைக் காக்கிறது என்பது ஒரு தரப்பு. நேர்வழியை அடைத்தால் குறுக்குவழிதான் பெருகும் என்பது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. அந்தக் குறுக்குவழியின் பெயர் விசிட் விசா. அதில் போய் வேலை செய்பவருக்கு வேலை ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை. பிடிபட்டால் குற்றவாளியாக நிற்பதும் அவரே.

ஆகவே, பணம் கட்டும் முன் இவற்றைப் பாருங்கள்:

விசாவில் இருக்கும் வேலையும் ஏஜெண்ட் சொன்ன வேலையும் ஒன்றா? தெரியாத மொழியில் இருந்தால், தெரிந்தவரிடம் கொடுத்துப் படித்துக் கேளுங்கள்.

சம்பளம், வேலை நேரம், விடுப்பு எல்லாம் எழுதிய ஒப்பந்தம் கையில் இருக்கிறதா?

பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு எடுத்தாயிற்றா? இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய்தான். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் கிடைக்கும்.

பாஸ்போர்ட், விசா, கஃபீலின் முகவரி, போன் எண் ஆகியவற்றின் நகல் வீட்டில் இருக்கிறதா?

சந்தேகம் இருந்தால் தமிழக அரசின் அயலகத் தமிழர் நல உதவி எண் 1800 309 3793க்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை.

கடனுக்காகத்தான் போகிறார் என்றால், ஜமாஅத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும். ஊரிலேயே வழி பிறந்தால் அல்ஹம்துலில்லாஹ். போய்த்தான் ஆகவேண்டும் என்றால், முறையான வழியில் போய் நலமாகத் திரும்பட்டும், இன்ஷா அல்லாஹ்.