தவறிய வேலை எந்தத் தேதிக்குரியது?

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், டெல்டாவைப் புரட்டிப்போட்ட கையோடு கொடைக்கானல் மலையையும் விட்டுவைக்கவில்லை. மலைப்பாதையில் மரங்கள் விழுந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன. புயல் வேண்டும் என்றுகூட இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஓர் இடி போதும், மலையில் கரண்ட் போய்விடும். திரும்பி வந்ததும் ஊரே செல்போனுக்கு சார்ஜ் போட ஓடும். அலுவலக மூலையில் சர்வர் கண் விழித்ததை யாரும் கவனிப்பதில்லை. இரவு 2 மணிக்கு பேக்கப், நள்ளிரவில் வட்டிக் கணக்கு, காலை 6 மணிக்கு எச்சரிக்கைச் செய்தி என்று அதற்கு நேரம் குறித்துக் கொடுத்த வேலைகளெல்லாம் அது அணைந்து கிடந்தபோதே தவறிப்போயிருக்கும்.

யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் கிரான் என்ற நிரல், இந்த நிமிடத்துக்கு வேலை ஏதும் உண்டா என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும். போன நிமிடத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. விண்டோஸில் 'தவறினால் சீக்கிரமே ஓட்டு' என்ற பொருளில் ஒரு கட்டம் உண்டு. நாமே போய் டிக் அடித்தால்தான் வேலை செய்யும்.

அடிக்கடி அணையும் கணினிகளுக்கென்றே வந்தது அனக்ரான். அதன் வழி எளிமையானது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்னக் கோப்பு. அதற்குள் 20181115 என்று எட்டு இலக்கம் மட்டும். கடைசியாக அந்த வேலை ஓடிய தேதி அது. கணினி எழுந்ததும் அதை இன்றைய தேதியோடு ஒப்பிட்டு, கெடு தாண்டியிருந்தால் சில நிமிடம் பொறுத்து, வேலையை ஒரே ஒரு முறை ஓட்டும். நான்கு நாள் விட்டுப்போயிருந்தாலும் ஒரு முறைதான்.

பேக்கப்புக்கு இது போதும். வட்டிக்குப் போதாது. 2010 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி சேமிப்புக் கணக்குக்கு ஒவ்வொரு நாள் இருப்பையும் வைத்தே வட்டி கணக்கிட வேண்டும். நான்கு நாள் தவறினால் நான்கு முறை, வரிசை மாறாமல், அந்தந்த நாளின் தேதியோடு ஓட வேண்டும். சனிக்கிழமை உட்கார்ந்து வியாழன் கணக்கைப் போட்டாலும் அது வியாழன் கணக்குதான். காலை எச்சரிக்கைச் செய்தியோ மாலையில் போனால் குழப்பம்தான் மிஞ்சும்; அதை விட்டுவிடுவதே நல்லது.

எது எந்த வகை என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஏர்ஃப்ளோ என்ற பிரபலமான கருவி நெடுங்காலம், விட்டுப்போனதையெல்லாம் தானாகவே ஓட்டும் ஏற்பாட்டோடு வந்தது. 2025-இல் வெளியான மூன்றாம் பதிப்பு, சொன்னால் மட்டும் ஓட்டுவேன் என்று தலைகீழாக மாறிவிட்டது. கருவியின் முன்னேற்பாட்டை நம்பி இருந்துவிடக் கூடாது. வேலைக்கு நேரம் குறிக்கும் அன்றே, அது தவறினால் என்ன செய்வது என்பதையும் அந்த வேலையின் அருமை தெரிந்தவர் எழுதிவைத்துவிட வேண்டும். நெருக்கடியில் எடுக்கும் முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு பிரிட்டனின் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து சாட்சி. 2012 ஜூனில் இரவு வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். கோளாறு தெரிந்ததும் சோதித்துப் பாராமல் பழைய பதிப்புக்குத் திரும்பினார்கள். வரிசை குலைந்து, குறைந்தது 65 லட்சம் வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். 2014-இல் விதிக்கப்பட்ட அபராதம் 5.6 கோடி பவுண்டு.

தவறிய நாளை எப்படி மதிப்பது என்று கற்க, கொடைக்கானலிலேயே ஓர் இடம் இருக்கிறது. 1899-இல் தொடங்கி, கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் நிற்கும் சூரிய ஆய்வகம். சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுவதை 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது இங்கேதான். 1904 முதல், மேகம் விலகும் நாட்களிலெல்லாம் சூரியனைப் படம் எடுத்துவருகிறார்கள். மேகம் மூடிய நாளுக்குப் படம் இல்லை. மறுநாள் எடுத்த படம் மறுநாளுடையது; நேற்றைய சூரியனை யாரும் திரும்ப எடுக்க முடியாது. அந்த இடைவெளியை இடைவெளியாகவே வைத்திருப்பதால்தான் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன், பிரான்சின் மூதோன் ஆய்வகங்களின் தொகுப்புகளோடு நம்பிச் சேர்த்துப் பார்க்க முடிகிறது. பழைய புகைப்படத் தட்டுகள் சிலவற்றின் நேரமும் திசையும் பிசகியிருந்ததைத் திருத்தவே, டிஜிட்டல் ஆக்கிய பின்பும் ஆய்வாளர்கள் தனியாக உழைக்க வேண்டியிருந்தது. படம் இல்லாத நாளைவிடத் தேதி பிசகிய படம் அதிகத் தொல்லை தரும்.

இன்னொன்றும் மலைக்காரர்களுக்குத் தெரியும்: வந்த கரண்ட் கால் மணி நேரத்தில் மறுபடியும் போகும். பாதியில் நின்ற வேலை மீண்டும் ஓடும்போது ஒரே கணக்கில் இரண்டு முறை வட்டி ஏறிவிடக் கூடாது. அந்தத் தேதிக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டதா என்று வேலையே முதலில் பார்த்துக்கொள்ளும்படி எழுத வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டால் பாவம், அந்தச் சர்வரும் திணறும். இடைவெளி விட்டு, அவசரமானதை முதலில் ஓட்டலாம்.

பிறகு செய்து பயனில்லாத வேலைக்கு வழி வேறு. சூரியனை இடைவிடாமல் பார்க்க 1995-இல் இயங்கத் தொடங்கிய காங் வலையமைப்பு உலகைச் சுற்றி ஆறு இடங்களில் தொலைநோக்கி வைத்தது. நம் உதய்பூர் அவற்றில் ஒன்று. ஓரிடத்தில் மேகம் மூடினால் இன்னோரிடம் பார்த்துக்கொள்ளும். நம் அலுவலகத்துக்கு ஆறு இடம் தேவையில்லை. அந்தக் காலை 6 மணிச் செய்தியை மட்டுமாவது மலைக்குக் கீழே, திண்டுக்கல்லிலோ மதுரையிலோ ஓடும் இன்னொரு கணினியிலும் ஏற்றிவைத்துவிடலாம்.