அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே

தைப்பொங்கலுக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்யும் வழக்கம் நம்மவர் இல்லங்களில் தொன்றுதொட்டு வருவது. புதுப்பானை வாங்குமுன் பழைய தூசி வெளியேற வேண்டும் என்பது எமது அன்னையாரின் கொள்கை. அவ்வாறு துப்புரவு செய்த ஒரு நாளிலேதான், மாத்தளை நகரை அடுத்துள்ள எமது சிறு வீட்டின் குசினியில், அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இரண்டங்குல இடைவெளியை நாம் உற்று நோக்கினோம். உலர்ந்த கறிவேப்பிலை, மிளகு மணிகள், காணாமற்போன தேக்கரண்டி, கரப்பொத்தான் பூச்சியின் முட்டைக்கூடுகள், இவற்றோடு எலிப்புழுக்கையும் அங்கே கிடந்தன.

எலிப்புழுக்கையைக் கண்டு அருவருப்பது மாத்திரம் போதாது, அஞ்சவும் வேண்டும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் எலிக்காய்ச்சல் பெருகியபோது, 7,000க்கும் மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளானதாக ஐயுறப்பட்டனர். மிகுதியாகப் பாதிப்புற்ற மாவட்டங்களுள் எமது மாத்தளையும் ஒன்று. அந்நோய் பெரும்பாலும் வயலிலும் சேற்றிலும் உழைப்போரையே பற்றுவது. எனினும், அதைப் பரப்புவது எலியின் சிறுநீர் என்பதை அறிந்த எவரும் உணவு சமைக்குமிடத்தில் எலிக்கு இடங்கொடார் அன்றோ?

குசினி, அலுமாரி என்னும் சொற்கள் போர்த்துக்கேயர் தந்தவை. லாச்சி என்பது ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. சொற்கள் பழையனவாயினும், சுவரோடு சுவராகப் பொருத்தப்படும் அலுமாரி வரிசை புதுவழக்கமே. 1926ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில், தொழிலாளர் குடியிருப்புகளுக்கென மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்னும் கட்டடக் கலைஞர் ஒரு சிறு சமையலறையை வகுத்தார். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. பெண்களின் நடையும் உழைப்பும் குறைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். நீல நிறத்தில் ஈக்கள் அமரா என்று அந்நாளில் கருதப்பட்டமையால், அலுமாரிகளுக்கு நீல வண்ணமும் பூசினராம். இன்று நம் நாட்டில் பலகையாலும் அலுமினியத்தாலும் செய்யப்படும் ‘பான்ட்ரி’ அலுமாரிகள் அந்த வழியில் வந்தவையே.

அப்படியாயின் இடைவெளி ஏன் உண்டாகிறது? தச்சரின் அலட்சியமே காரணம் என்று நாம் எண்ணியிருந்தோம். அது தவறென்பதை எமது இல்லத்திற்கு வந்த தச்சு பாஸ் விளக்கினார். அவர் தூக்குக்குண்டை எடுத்துச் சுவரருகே தொங்கவிட்டார். மேலே நூலோடு ஒட்டியிருந்த சுவர், கீழே முக்கால் அங்குலம் விலகி நின்றது! அலுமாரி நேரானது; சுவர்தான் கோணல். மேலும், மூலையில் உள்ள லாச்சியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் திறக்கும்போது அதன் கைபிடி இடிக்கும். கதவும் முழுவதுமாக விரியாது. ஆதலின் அவ்விடத்தில் இரண்டு அல்லது மூன்று அங்குலம் விடுவது அறிந்தே செய்யும் காரியம். விட்ட இடத்தை மூடாது போவதே பிழை.

மூடும் முறை எளிதே. அலுமாரியின் மரத்திலேயே ஒரு சட்டம் எடுத்து, நேராக நிறுத்தி, சுவரைத் தொடுமாறு பிடிக்க வேண்டும். ஒரு சிறு மரத்துண்டின் மேல் பென்சிலை வைத்து, அத்துண்டைச் சுவரோடு ஒட்டியபடி மேலிருந்து கீழே இழுத்தால், சுவரின் கோணல் அப்படியே சட்டத்தில் கோடாக விழும். அக்கோட்டின்படி அறுத்து இழைத்தால் சட்டம் சுவரோடு பொருந்தும். பின்னர் அலுமாரியின் உட்புறத்திலிருந்து திருகாணியால் அதனைப் பிணைக்கலாம். வெளியே ஆணித்தலை தெரியாது.

சட்டத்தைச் சுவரோடு இறுக்குதல் கூடாது. மரம் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்குவது. அதுவும் நீளத்தில் அன்று, அகலத்திலேயே. றத்தோட்டையின் மழையும் தம்புள்ளையின் வெயிலும் ஒரே மாவட்டத்தில் உள்ள நமக்கு இது புதிதன்று. மார்கழி மழையில் இறுகும் லாச்சி ஆவணியில் தானே திறந்துகொள்வதை யார் அறியார்? எனவே சுவரோரத்தில் மயிரிழை அளவு இடம் விட்டு, வளைந்து கொடுக்கும் சிலிக்கன் பசையால் அதனை நிரப்புதல் நன்று.

இரண்டு அலுமாரிகளுக்கு நடுவே உள்ள மெல்லிய பிளவுக்கு அவற்றை நெருக்கித் திருகாணியிட்டாலே போதும். தண்ணீர்க் குழாய் நுழையும் துவாரத்தில் கடதாசி திணிப்பது வீண். எலி அதைக் கடித்துவிடும். இரும்புக் கம்பிப் பஞ்சை அடைத்து மேலே சீமெந்து பூச வேண்டும். சுண்டெலி நுழையக் கால் அங்குலத் துவாரமே போதுமானது. அடிப்புறப் பலகையை மட்டும் கழற்றக் கூடியதாக வைத்துக்கொள்க. கறையான் மண்கோடு இழுத்திருக்கிறதா என்று ஆண்டுக்கு இருமுறையேனும் பார்க்க வேண்டியிருக்கும்.

இவ்வளவும் அறிந்த மகிழ்ச்சியில் நாம் ஒரு பிழை செய்தோம். எரிவாயு உருளை இருந்த அலுமாரியின் அடியில் இருந்த இடைவெளியைக் காட்டி, “சேர், இதையும் அடைக்கிறதா?” என்று பாஸ் தயங்கிக் கேட்டார். “எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள், பாஸ்” என்றோம், ஆசிரியருக்கே உரிய உறுதியோடு.

பத்து நாள் கழித்து, பாடசாலை விட்டு வந்த எமது மகள் குசினி வாசலிலேயே நின்றாள். “அப்பா, கேஸ் வாசம் வருது.” உள்ளே, அன்னையார் அடுப்பருகே தீப்பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயதில் அவருக்கு மோப்பம் குறைந்திருந்ததை அன்றுவரை நாம் அறியோம்.

தீக்குச்சியை உரசுமுன் அவரது கையைப் பிடித்துக்கொண்டோம். மின்விளக்கின் பொத்தானைத் தொடாமல், கதவு சன்னல்களைத் திறந்து, உருளையின் வாயை மூடி, யாவரும் முற்றத்திற்கு வந்தோம். குழாயின் இணைப்பு சற்றே தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால், அந்த எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே செல்லாது, தரையோடு தங்கும். அது வெளியேறத் தக்க ஒரே வழியை நாமே பலகையிட்டு மூடியிருந்தோம்! 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல வீடுகளில் எரிவாயு வெடிப்புகள் நேர்ந்த செய்திகளை நாளும் படித்திருந்தும், எமது குசினியில் அதை நினையாதது எமது குற்றமே.

மறுநாள் பாஸ் வந்தார். ஒரு சொல்லும் குத்திக் காட்டாமல், பலகையின் அடியில் நீளத் துவாரம் வெட்டி, எலி புகாதவாறு நெருக்கமான இரும்பு வலை அடித்துத் தந்தார். பின்னர் உருளையை வீட்டுக்கு வெளியே, நிழலும் காற்றும் உள்ள இடத்திற்கே மாற்றினோம், அதுவே சிறந்தது. குளிர்சாதனப் பெட்டியைச் சுற்றிலும் வெப்பம் வெளியேற இடம் விட வேண்டும் என்பதையும் அவரே நினைவூட்டினார்.

ஆகவே, இல்லத்தரசிகளும் இல்லத்தலைவர்களும் ஓர் இடுக்கை அடைக்குமுன், அதனால் உள்ளே வருவது யாது, வெளியே செல்வது யாது என்று வினவிப் பார்ப்பார்களாக. தொழிலறிந்தவர் தயங்கிக் கேட்கும் கேள்வியையும் ஒரு கணம் நின்று கேட்பார்களாக. இவ்வாண்டும் பொங்கற்பானை எமது முற்றத்தில் பொங்கியது. அன்னையார்தாம் அடுப்பை மூட்டினார், பேத்தியை அருகில் வைத்துக்கொண்டு.