ரூபாவின் விலையும் வாவிக்கரை வாழ்வும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும், கடலை அடுத்த கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். படுவான்கரையில் நெல் விளைகிறது. எழுவான்கரையில் மீன்பிடியும் வாணிகமும் நடைபெறுகின்றன. இக்கரைகளில் வாழ்வோருள் பலர் அமெரிக்க டொலரைக் கையால் தொட்டறியாதவர். ஆயினும், வயலுக்கு இடும் உரமும் படகின் இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெயும் டொலர் கொடுத்து வாங்கப்படுபவையே. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் மத்திய கிழக்கிலிருந்து வரும் பணத்தை நம்பியிருக்கும் இல்லங்கள் பல. ஆகவே, ரூபாவின் விலை கொழும்பில் மாறும்பொழுது வாவிக்கரையின் வீட்டுக் கணக்கும் மாறிவிடுகிறது.

நாணயமாற்று விகிதம் என்பது, ஒரு நாட்டின் நாணயத்துக்குப் பிறநாட்டு நாணயத்தில் உள்ள விலையேயாகும். இவ்விலையை ஓர் அரசாங்கம் விரும்பிய அளவில் நிறுத்தி வைக்கலாம். ஆனால், அந்த விலைக்கு டொலர் கேட்டு வருவோருக்குக் கொடுக்கக் கையிருப்பு வேண்டும். கையிருப்பு கரைந்தால் கடன் வேண்டும். கடன் கொடுப்போர் நிபந்தனையுடன் வருவர். வெளிநாட்டு நெருக்குதல் பெரும்பாலும் இவ்வழியிலேதான் நுழைகிறது.

இலங்கை மத்திய வங்கி தொடங்கப்பெற்ற 1950 ஆம் ஆண்டிலேயே இந்நாடு சர்வதேச நாணய நிதியத்திலும் உறுப்பினராயிற்று. 1967 நவம்பரில் பிரித்தானியா தன் பவுணின் மதிப்பைக் குறைத்தது. சில நாட்களுள் இலங்கையும் ரூபாவின் மதிப்பை நூற்றுக்கு 20 வீதம் இறக்கியது. 4 ரூபா 76 சதமாக இருந்த டொலர் 5 ரூபா 95 சதமாயிற்று. அடுத்த ஆண்டில் அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை வந்தது. அதன்படி அரிசி, கோதுமை மா போன்ற இன்றியமையாப் பொருள்களுக்கு ஒரு விகிதமும், ஏனைய பலவற்றுக்கு அதனிலும் உயர்ந்த விகிதமும் வழங்கின. 1977 நவம்பரில் இவ்விரண்டும் ஒன்றாக்கப்பட்டு, டொலருக்கு 16 ரூபா என்ற அளவில் தொடங்கி ரூபா அசைய விடப்பட்டது. நாணய நிதியத்தின் கடனுதவி இம்மாற்றங்களுடன் இணைந்தே வந்தது.

அண்மைக் காலத்துப் பாடம் இதனிலும் கடுமையானது. 2021 ஆம் ஆண்டின் இறுதியில் டொலரின் விலை ஏறத்தாழ 203 ரூபாவில் தடுத்து வைக்கப்பட்டிருந்தது. உண்டியல் வழியில் அதனினும் கூடுதலான விலை கிடைத்தது. உழைத்த பணத்துக்கு நல்ல விலை தேடிய தொழிலாளர் பலர் வங்கியை விட்டு விலகினர். 2020 இல் 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம் 2021 இல் 549 கோடியாகச் சுருங்கிற்று. ரூபாவைக் காக்க எழுப்பிய அணையே நாட்டுக்குள் டொலர் வரும் வழியை அடைத்தது.

சந்தைக்கேற்ப விகிதம் நெகிழவேண்டும் என்று நாணய நிதியம் வற்புறுத்தியது. 2022 மார்ச்சில் தடை தளர்ந்தது. மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபாவை எட்டியது. அவ்வாண்டு ஓகஸ்ட்டில் மானியமும் குறைக்கப்பட்டு, ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. ஏற்றுமதியாகும் இறாலுக்கும் நண்டுக்கும் கூடுதல் ரூபா கிடைக்கக்கூடும். எனினும் கடலுக்குச் செல்லும் செலவு அதை விழுங்கிவிடலாம். வெளிநாட்டில் மகன் உழைக்கும் வீட்டுக்கு வரவு பெருகிற்று. கூலி வேலையை நம்பிய அயல்வீட்டுக்கோ அரிசியின் விலை மட்டுமே பெருகிற்று.

2023 மார்ச்சில் சுமார் 300 கோடி டொலர் கடனுதவித் திட்டத்துக்கு நிதியம் இசைந்தது. வறியோரைக் காக்கும் ஏற்பாடும் அத்திட்டத்தில் இடம்பெற்றது. அவ்வாண்டிலேயே அஸ்வெசும என்னும் நலன்புரி உதவி வழங்கத் தொடங்கியது.

வெளியார் சொல்வதால் ஒரு கொள்கை தீயதாகிவிடாது. வெளியார் சொல்வதாலேயே அது நன்றாகிவிடுவதுமில்லை. மாற்றம் வரும்பொழுது அதன் சுமை எவர் தோளில் விழுகிறது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

வாவிக்கரை மக்களுக்கு இது புதிதன்று. முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்க, மாரி மழையில் வாவி பெருகினால், வயலைக் காக்க மணலை வெட்டிவிட வேண்டியிருக்கும். காலத்தில் வெட்டினால் நீர் அளவாக வடியும். காலம் கடந்தால் வயல் மூழ்கும்; வெட்டிய பின்னும் வெள்ளம் வேகங்கொண்டு பாயும். ரூபாவின் விலையும் அத்தகையதே. தானே உரிய வேளையில் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளும் நாடு, தன் எளியோரைக் காக்க அவகாசம் பெறுகிறது. கையிருப்பு வற்றும்வரை காத்திருக்கும் நாட்டுக்கோ அந்த அவகாசம் வாய்ப்பதில்லை.