இரண்டாம் எலெக்ட்ரான்

யான் வகுப்பில் அணுவைப் பற்றிப் பாடம் நடத்திய நாளில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, நீல்ஸ் போர் வகுத்த கொள்கை ஹைட்ரஜனுக்குப் பொருந்துகிறது, ஹீலியத்துக்கு ஏன் பொருந்தவில்லை?" என்று வினவினான். "எலெக்ட்ரான் இரண்டாகிவிட்டது, கணக்குச் சிக்கலாகிவிட்டது" என்று சொல்லி அவனை அமர்த்திவிட்டேன். அது விடையன்று, வாயடைப்பு. அக்கடனை இன்று தீர்க்க முயல்கிறேன்.

கருவைச் சுற்றும் எலெக்ட்ரான் குறிப்பிட்ட சில வட்டங்களில் மட்டுமே ஓடலாம் என்று 1913-இல் போர் விதித்தார். ஹைட்ரஜனிலிருந்து எலெக்ட்ரானைப் பிரிக்க 13.6 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும் என்பது அவ்விதியினின்றே கிடைத்தது. ஹீலியத்திலோ, இரு எலெக்ட்ரான்களையும் ஒரே வட்டத்தில் எதிரெதிரே ஓடவிட்டுக் கணக்கிட்டால், ஒன்றைப் பிரிக்க 28.9 வேண்டும் என்று வருகிறது. சோதனை காட்டுவது 24.6. இது சிறு பிழையன்று.

காரணம் யாது? ஒரு கருவும் ஓர் எலெக்ட்ரானும் மட்டும் இருப்பின், சூரியனும் ஒரு கிரகமும் போல, சென்ற பாதையிலேயே இயக்கம் மீளும். மூன்றாம் பொருள் புகுந்தால் இவ்வொழுங்கு குலையும். வான்பொருள்களில் இதனை பிரெஞ்சுக் கணித மேதை புவான்காரே 1890-இலேயே கண்டார். தொடக்கத்தில் மயிரிழை மாறினாலும் பின்னர்ப் பாதை முற்றும் வேறாகிவிடும். ஹீலியமும் மூன்று பொருள்களின் கூட்டமே அன்றோ? ஒழுங்கான பாதை இல்லாதவிடத்துப் போர் விதியை எதன்மேல் பொருத்துவது? 1917-இல் ஐன்ஸ்டைன் இத்தடையைச் சுட்டிக்காட்டினார். அன்று கவனித்தோர் மிகச் சிலர்.

1926-இல் ஷ்ரோடிங்கரின் அலைச் சமன்பாடு வந்தது. பாதை என்னும் பேச்சே மறைந்தது. 1929-இல் நார்வே நாட்டு ஹில்லராஸ் ஹீலியத்தின் ஆற்றலை அச்சமன்பாட்டைக் கொண்டு மிக நுட்பமாகக் கணித்தார். கணக்குத் தீர்ந்தது, ஆயினும், ஒழுங்கற்ற அவ்வியக்கத்துக்கும் அணுவின் ஒழுங்கான ஆற்றல் நிலைகளுக்கும் என்ன உறவு என்பது விளங்கவில்லை.

1971-இல் குட்ஸ்வில்லர் அவ்வுறவைக் காட்டினார். குழப்பமான இயக்கத்தினுள்ளும் மீண்டும் மீண்டும் திரும்பிவரும் பாதைகள் எண்ணிறந்தன உள. அவை கூர்முனையில் நிறுத்திய பென்சில் போல்வன; எப்பொருளும் அவற்றில் நிலைத்து நில்லாது. எனினும் அவையனைத்தும் கூடியே ஆற்றல் நிலைகளை வகுக்கின்றன. இம்முறையை 1991-இல் வின்ட்கெனும் அவர்தம் கூட்டாளிகளும் ஹீலியத்துக்குப் பொருத்தினர். அவர்கள் கொண்டது வட்டமன்று. கருவின் இருபுறமும் ஒரே நேர்கோட்டில் நின்று, இரு எலெக்ட்ரான்களும் கருவை நோக்கிப் பாய்ந்து விலகும் பாதைகளையே கொண்டனர். அவற்றைத் தொகுத்தபோது ஹீலியத்தின் தாழ்ந்த ஆற்றல் நிலை, நூற்றுக்கு ஒன்றினும் குறைந்த பிழையோடு கிடைத்தது.