பாம்பு வளர்க்க ஆசையா? முதலில் பில்லைக் கேளுங்கள்!
செத்தது போல நடிக்கும் அமெரிக்கப் பாம்பு – இரும்பை பக்கம் ஏன் உஷார் தேவை?

இரும்பை,
பாம்பைக் கண்டால் கம்பைத் தேடியது அந்தக் காலம். பணம் கொடுத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொஞ்சுவது இந்தக் காலம்!

செல்போனைத் திறந்தால் போதும். "சாதுவான பாம்பு சார், விஷமே கிடையாது, குழந்தைகூட கையில வச்சிக்கலாம்" என்று ஆசை காட்டுகிறார்கள். முதன் முதலாகப் பாம்பு வளர்ப்பவர்களுக்கு அவர்கள் சிபாரிசு செய்வது 'ஹாக்னோஸ்' என்ற இனம். தமிழில் சொன்னால் பன்றிமூக்குப் பாம்பு.

இதன் ஊர் அமெரிக்கா. கனடாவின் தெற்கு முதல் மெக்சிகோவின் வடக்கு வரை மணலும் புல்வெளியுமான இடங்களில் வாழ்கிறது. மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்து, சின்ன மண்வெட்டி போல இருக்கும். மண்ணைக் கிளறித் தேரையைப் பிடித்துத் தின்ன ஆண்டவன் கொடுத்த ஆயுதம் அது. ஆண் பாம்பு சுமார் ஒன்றரை அடி. பெண் இரண்டடியைத் தாண்டும்.

"விஷமே கிடையாது" என்பது முழு உண்மை அல்ல. மேல்தாடையின் பின்பக்கம் பல் உண்டு, இலேசான விஷமும் உண்டு. கவ்விக்கொண்டு மென்றால் கை வீங்கிவிடும். ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லை.

நடிகர் திலகம்!

இந்தப் பாம்புக்கு இத்தனை கிராக்கி ஏன்? அதன் நடிப்புதான் காரணம்!

பயந்துவிட்டால் கழுத்தை அகலமாக விரிக்கும். புஸ்... புஸ்... என்று சீறும். வாயை மூடிக்கொண்டே வந்து மோதும். கடிக்காது, சும்மா மிரட்டல்தான். அதற்கும் நீங்கள் அசையவில்லை என்றால் மல்லாந்து விழுந்து, வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கப் போட்டு, நாற்றத்தையும் கிளப்பி, செத்தது போலக் கிடக்கும். பாவம் என்று நிமிர்த்திப் போட்டால் மறுபடியும் மல்லாந்துவிடும். செத்த பாம்பு மல்லாந்துதான் கிடக்க வேண்டும் என்று அதற்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது!

தின்கிறதா என்று பாருங்கள்

வாங்குபவர்கள் நிறத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். பார்க்க வேண்டியது சாப்பாட்டை.

காட்டில் தேரை தின்று வாழ்ந்த இனம் இது. வீட்டில் கொடுப்பதோ, உறையவைத்து எடுத்து இளஞ்சூடாக்கிய செத்த எலிக்குஞ்சு. பல குட்டிகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். ஆகவே நம் கண் முன்னால் ஒரு தடவை எலி தின்ற பிறகுதான் பேரம் பேச வேண்டும். கண் தெளிவாக இருக்கிறதா, முதுகெலும்பு துருத்துகிறதா, செதில் இடுக்கில் பொடிப்பொடியாக உண்ணி ஊர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வாய் ஓரம் எச்சில் நுரைத்தால் வேண்டவே வேண்டாம்.

பெட்டியில் ஒரு பக்கம் 32 டிகிரி சூடு, மறுபக்கம் 25 டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி வேண்டும். சூடு நம் ஊரில் தானாகக் கிடைக்கும். குளிர்ச்சிக்கு எங்கே போவது? மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பெட்டியை வைத்தால் பாம்பு வெந்துவிடும். 15 வருஷத்துக்கு மேல் வாழக்கூடிய ஜீவன். அத்தனை வருஷமும் வீட்டு ஃபிரிட்ஜில் எலி இருக்கும் என்பதை வீட்டில் சொல்லிவிட்டீர்களா?

பெட்டியில் வந்த 22 பாம்பு

அடுத்தது பில். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்த ஒரு பெண் பயணியின் பெட்டியைச் சுங்க அதிகாரிகள் திறந்தார்கள். உள்ளே 22 பாம்பு, ஒரு பச்சோந்தி! அதே வருஷம் ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் 47 மலைப்பாம்புக் குட்டிகள் பிடிபட்டன. இப்படி வரும் சரக்கு யார் கைக்குப் போகிறது? விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்படும் நம் கைக்குத்தான்.

'பால் பைதான்' போன்ற, சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனங்களை வைத்திருந்தால் அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும். 2024-ல் இதற்குத் தனி விதிகளே வந்துவிட்டன. ஹாக்னோஸ் அந்தப் பட்டியலில் இல்லை. இதைச் சாக்காக வைத்து "பேப்பரே தேவையில்ல சார்" என்பார் வியாபாரி. நம்பாதீர்கள். வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பாம்பைக் கொண்டுவர இறக்குமதி உரிமமும் கால்நடை சுகாதாரச் சான்றும் வேண்டும். இங்கேயே பொரித்த குட்டி என்றால் தாய்ப் பாம்பு வந்த பேப்பரைக் காட்டட்டும். காட்ட மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

"எதற்கு வம்பு, ஏரிக்கரையில் ஒரு சாரையைப் பிடித்து வளர்க்கிறேன்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1972-ம் வருஷ வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. நம் ஊர்ப் பாம்பைப் பிடித்து வைத்தால் ஜெயில்தான். லட்சக்கணக்கில் விலை போகும் என்று புரளி கிளப்பப்படும் மண்ணுளிக்கும் இதே கதிதான்.

இரும்பையில் நடிப்பு இல்லை

இரும்பை மாகாளேஸ்வரர் கோயில் சம்பந்தர் பாடிய தலம். பக்கத்திலேயே ஆரோவில். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது இந்தப் பக்கம் பெரும்பாலும் பொட்டல் செம்மண். இன்று மரம் அடர்ந்த காடு. காடு வந்தால் தவளை வரும், எலி வரும், பின்னாலேயே பாம்பும் வரும்.

இங்கே ஒரு பாம்பு கழுத்தை விரித்துச் சீறினால் அது நாடகம் அல்ல. நல்லபாம்பு!

பன்றிமூக்குப் பாம்பு படம் எடுப்பதைத் தினம் பார்த்துச் சிரித்துப் பழகிய ஐந்து வயதுக் குழந்தை, வைக்கோல்போர் ஓரத்தில் நல்லபாம்பு படம் எடுத்தால் ஓடுமா, கிட்டே போகுமா? விற்கிறவர் இதைச் சொல்வதில்லை. பெரியவர்களே ஏமாறுகிறார்கள். கண்ணாடி விரியனை மண்ணுளி என்றும், மலைப்பாம்புக் குட்டி என்றும் நினைத்துத் தொட்டுவிடுகிறார்கள். பாம்போடு பிறந்து வளர்ந்த இருளர்களே அதைச் சும்மா தொடுவதில்லை. 1978-ல் தொடங்கிய அவர்களது கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் எடுக்கும் விஷம்தான், நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு முக்கிய மூலப்பொருள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆகவே சின்னக் குழந்தை உள்ள வீட்டில் இந்தப் பாம்பு வேண்டாம் என்பதே நம் கட்சி. பிள்ளைகளுக்குப் பாம்பு காட்ட ஆசை என்றால் கிண்டி பாம்புப் பண்ணைக்கோ வடநெம்மேலிக்கோ கூட்டிப் போங்கள்.

வெளிப்பாம்பு கடித்துவிட்டால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், இந்தப் பக்கம் ஜிப்மர், அந்தப் பக்கம் முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரி, எது கிட்டமோ அங்கே வண்டியை விடுங்கள்.